மலையேறாத பெயர்கள்

ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் வென்றவர்களின் பட்டியலை அரசியலுக்காகப் படிப்பவர்கள் உண்டு. பெயர்களுக்காகவும் அதைப் படிக்கலாம். 1957இல் ஆண்டி. 1962இல் குழந்தைசாமி. 1967 தொடங்கி மூன்று தேர்தல்களில் சின்னுசாமி. 1980களில் திருமான். 1989இலும் 1991இலும் பெருமாள், 1996இல் இன்னொரு பெருமாள். 2001இல் இளையகண்ணு. 2006இல் தமிழ்ச்செல்வன். 2011இல் மறுபடியும் முதல் பெருமாள். 2013 இடைத்தேர்தலில் சரோஜா. 2016இலும் 2021இலும் சித்ரா.

கட்சியை மறந்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பெயரும் தான் பிறந்த காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஆண்டியும் பெருமாளும் தெய்வத்தின் பெயரை எந்த அலங்காரமும் இல்லாமல் பிள்ளைக்கு வைத்த காலத்தவை. தமிழ்ச்செல்வன் என்பது ஓர் இயக்கம் தந்த பெயர். சரோஜாவுக்குப் பின்னால் ஒரு திரைப்படக் கதை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். என்னை நிறுத்தியவை குழந்தைசாமி, சின்னுசாமி, இளையகண்ணு ஆகிய மூன்றும்தான். ஏட்டில் எழுதுவதற்கென்று யோசித்து வைத்த பெயர்களாக இவை ஒலிக்கவில்லை. "வா சாமி", "சாப்பிடு கண்ணு" என்று சேலத்துப் பக்கம் பிள்ளைகளைக் கூப்பிடும் வாய்ச்சொற்கள் இவற்றுக்குள் இருக்கின்றன. வீட்டுக்குள் புழங்கிய செல்லப் பெயர் பள்ளிப் பதிவேட்டுக்குப் போய், வாக்காளர் பட்டியலுக்குப் போய், கடைசியில் சட்டமன்றத்துக்கே போயிருக்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இது புதிதல்ல. இந்த மலையின் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை; மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர், பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அவர்கள்தான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி. தாங்கள் மலைக்கு வந்த கதையை அவர்கள் சொன்னபடி இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியான தன் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் இருந்த கரிராமன் என்ற தெய்வம் அந்த ஊர் பிடிக்காமல் இடம் மாற நினைத்தது. அதைத் தொடர்ந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டார்கள். மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார், மற்ற இருவரும் வேறு மலைகளுக்குப் போனார்கள். அந்த மூவரின் பெயர்கள் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்.

பெரிய அண்ணன், நடு அண்ணன், சின்ன அண்ணன். ஒரு குலத்தின் முன்னோர்களுக்குக் கதை வைத்திருக்கும் பெயர்கள், தம்பி தங்கைகள் கூப்பிட்ட முறைப் பெயர்கள்தான். அவர்களுக்கு இட்ட பெயர் வேறு இருந்திருந்தால் அது தலைமுறைகளைத் தாண்டவில்லை. கூப்பிட்ட பெயர் தாண்டிவிட்டது.

உலகெங்கும் இன்று குழந்தைப் பெயர்களின் போக்கை ஆராய்கிறவர்கள் கவனிக்கும் விஷயமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆர்ச்சி, ஆல்ஃபி, ஃப்ரெட்டி, எல்ஸி, மில்லி போன்றவை நூறு ஆண்டுக்கு முந்தைய செல்லப் பெயர்கள். ஆர்ச்சிபால்டு என்று பதிந்துவிட்டு ஆர்ச்சி என்றும், ஆல்ஃபிரட் என்று பதிந்துவிட்டு ஆல்ஃபி என்றும் கூப்பிட்டார்கள். இந்த நூற்றாண்டில் அந்தச் சுருக்கங்களே பிறப்புப் பதிவேட்டில் முழுப் பெயராக ஏறி, அந்நாட்டின் முன்னணிப் பெயர்ப் பட்டியலில் இடம்பிடித்தன. 2019இல் அரச குடும்பத்துக் குழந்தைக்கே ஆர்ச்சி என்றுதான் பெயர், ஆர்ச்சிபால்டு இல்லை. செல்லப் பெயர் எதனால் இப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டால், முதலில் அது எதனால் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தமிழ் வீடுகளைவிட நல்ல பாடம் இல்லை.

பழைய விதி எளியது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், பெண்களுக்கு அதேபோல் பாட்டிகளின் பெயர். குடும்பத்துக்குக் குடும்பம் வரிசை மாறும். அதற்கு மேலும் பிள்ளைகள் பிறந்தால் குலதெய்வத்தின் பெயர், வேண்டிக்கொண்ட சாமியின் பெயர். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், பேரன். இப்படி வைத்தால் பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை குதித்துச் செல்லும். பழைய வாக்காளர் பட்டியல்களில் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் வாக்காளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது என்று இருக்கும். மாரிமுத்துவின் மகன் பழனி, பழனியின் மகன் மாரிமுத்து என்று இரண்டே பெயர்கள் ஒரு வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டில் புதுப் பெயர் நுழைய வாசல் மிகக் குறுகலானது. எனவே இங்கே பெயர்களுக்கு மோஸ்தர் என்ற ஒன்று பெரிதாக இருக்க முடியாது.

ஆனால் இந்த விதி வீட்டுக்குள் ஒரு சிக்கலை உண்டாக்கியது. மாமனார் பெயரையும் மாமியார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கணவன் பெயரையும் கூடாது. பெற்ற பிள்ளைக்கு மாமனாரின் பெயரை வைத்தாகிவிட்டது. இனி அவனை எப்படிக் கூப்பிடுவாள்? சோற்றைக் கொட்டியதற்கு "டேய் பெரியசாமி" என்று அதட்டினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அதட்டியதாக ஆகிவிடும். தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடமும் இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே மருமகள் மாமனார் பெயரின் அசைகள் வரும் மற்ற சொற்களைக்கூடத் தவிர்த்து, மாற்றுச் சொற்களைக் கொண்டு பேசப் பழகினாள். தமிழ்ப் பெண் தேடிய வழி வேறு. பிள்ளைக்கு இரண்டாவதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். தம்பி, ராசா, கண்ணு, சின்னு, குட்டி, பாப்பா, அம்மிணி, ராசாத்தி. இட்ட பெயர் முன்னோருக்கு மரியாதை. கூப்பிடும் பெயர் பிள்ளைக்கு. செல்லப் பெயருக்குக் கொஞ்சல் மட்டுமே காரணம் என்று நினைக்கிறோம். அதன் வேரில் இப்படியொரு கட்டாயமும் இருந்தது, அந்தக் கட்டாயத்தைச் சுமந்தவள் தாய்.

காமராஜரின் பெயர் இந்த இரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்த இடம். 1903இல் பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். தாய் சிவகாமி அம்மாள் ராஜா என்று கூப்பிட்டார். இரண்டும் கலந்து காமராஜ் ஆயிற்று. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் வயலில் உழைத்த ரங்கம்மாளை ஊர் பாப்பம்மாள் என்றே அழைத்தது. 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது உலகம் அறிந்ததும் பாப்பம்மாள் என்ற பெயரைத்தான். மதுரைப் பக்கம் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை வளர்த்த சின்னப்பிள்ளைக்கும், நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணுவுக்கும் வாழ்நாள் முழுவதும் பெயராக இருப்பது யாரோ தொட்டிலருகே நின்று சொன்ன சொல்.

இந்தச் சொற்களின் உருவத்தையும் கவனிக்க வேண்டும். அம்மு, அப்பு, சுப்பு, குப்பு, கிட்டு, பட்டு, சிட்டு, குட்டி, கண்ணு, சின்னு, முத்து, பொம்மி, லச்சு. ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை: முதலில் ஒரு குறில், நடுவில் இரட்டித்த மெய், கடைசியில் உகரமோ இகரமோ. கிருஷ்ணமூர்த்தி என்ற நீண்ட பெயர் கிட்டு ஆகும்போதும், சுப்பிரமணியன் சுப்பு ஆகும்போதும், லட்சுமி லச்சு ஆகும்போதும் இந்த அச்சுக்குள்தான் விழுகின்றன. நெடிலில் தொடங்கும் ராமு, சீனு, காமு, பாருவும் இரண்டே அசைகளைத் தாண்டவில்லை. யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டிலும் மயிலாப்பூர் அக்கிரகாரத்திலும் ஒரே விதி நடந்திருக்கிறது.

காரணம் குழந்தையின் வாயில் இருக்கிறது. ஆறேழு மாதத்தில் மழலை தொடங்கும்போது முதலில் வருபவை ம, ப, த, ட போன்ற ஒலிகள்: இதழ்களைச் சேர்த்துத் திறந்தாலோ நாக்கு நுனியை ஒட்டி எடுத்தாலோ எழுபவை. உலக மொழிகளில் தாய்க்கும் தந்தைக்குமான சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பதற்கு இதுவே காரணம் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். செல்லப் பெயர்களும் இந்த ஒலிகளையே நாடுகின்றன. கிருஷ்ணமூர்த்தியில் வரும் ஷ்ண என்ற கூட்டெழுத்தைச் சரியாகச் சொல்லக் குழந்தைக்குப் பல ஆண்டுகள் ஆகும். கிட்டுவைத் தங்கைப் பாப்பாவும் சொல்லிவிடும். காதும் சீக்கிரமே பழகிவிடுகிறது. 1995இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலரை மாதக் குழந்தைகளுக்குப் பல பெயர்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். மற்ற பெயர்களைவிடத் தங்கள் பெயரைக் குழந்தைகள் அதிக நேரம் கவனித்தன. அம்மா என்ற சொல்லையே சொல்லத் தெரியாத வயதில், தன்னைக் கூப்பிடும் ஒலி எது என்று பிடிபட்டுவிடுகிறது. சான்றிதழில் என்ன இருந்தால் என்ன, வீட்டில் நாள் முழுவதும் ஒலிக்கும் பெயர்தான் குழந்தையைப் போய்ச் சேர்கிறது.

ஆர்ச்சி, ஆல்ஃபி, மில்லி ஆகியவையும் இரண்டசைச் சொற்கள், இகரத்தில் முடிபவை. மனித வாய் மாறுவதில்லை. ஆகவே செல்லப் பெயர்களின் வார்ப்பு பழசாவதில்லை. பழசாகிறவை பதிவேட்டுப் பெயர்கள்தான். அவை எப்படிப் பழசாகின்றன என்பதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வெளியிட்டிருக்கிறது. ஓராண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்த பெயராக இருந்தால் அதில் இருக்கும். பண்பாடு எப்படி மாறுகிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல தரவு அரிது. உடைக்கும் பாட்டுக்கும் பின்னால் கம்பெனிகளும் விளம்பரமும் இருக்கும். பெயரை யாரும் விற்பதில்லை. அதற்குச் செலவும் இல்லை. ஆனாலும் பெயர்கள் அலைபோல எழுந்து விழுகின்றன. ஹார்வர்டு சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000இல் எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். போர், தலைவர், திரைப்படம் என்று வெளியிலிருந்து வரும் காரணங்களை நாம் பெரிதாக நினைக்கிறோம். ரசனைக்குத் தனக்குள்ளேயே ஓர் இயக்கம் உண்டு, நேற்றைய பெயரிலிருந்து சற்றே விலகிய பெயரை இன்று தேடுவோம் என்றார் அவர்.

2003இல் மேத்யூ ஹான், அலெக்ஸ் பென்ட்லி என்ற ஆய்வாளர்கள் இன்னும் துணிச்சலான ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெற்றோரும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒரு பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார்கள், எப்போதாவது ஒருவர் மட்டும் புதுப் பெயர் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொண்டு கணினியில் ஓடவிட்டார்கள். யாருக்கும் எந்த ரசனையும் இல்லை. அப்படியும் ஒருசில பெயர்கள் உச்சத்துக்குப் போயின, ஆயிரக்கணக்கான பெயர்கள் ஒன்றிரண்டு பேரோடு நின்றன. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெயர்களின் உண்மையான பரவலோடு அது நன்றாகப் பொருந்தியது. உயிரியலில் மரபணுக்கள் காரணமின்றிப் பெருகுவதையும் அழிவதையும் விளக்கும் அதே கணக்கு இது. வெறும் தற்செயலே ஒரு பெயரை ராணியாக்கிவிட முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் தற்செயல் மட்டுமே போதாது என்று 2022இல் மிட்செல் நியூபெர்ரியும் ஜோஷுவா பிளாட்கினும் காட்டினார்கள். அமெரிக்கா, பிரான்சு, நெதர்லாந்து, நார்வே நாடுகளின் பெயர்களை ஆராய்ந்ததில், மிகப் பரவலாகிவிட்ட பெயர்கள் தேயத் தொடங்குவதையும், அரிய பெயர்கள் வளர்வதையும் கண்டார்கள். ஒரு தெருவில் நாலு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் இருந்தால் ஐந்தாவது தாய் வேறு பெயர் தேடுகிறாள். எல்லோரும் அப்படித் தேடுவதால் எல்லோரும் ஒரே பக்கம் போய்ச் சேர்கிறார்கள். ஜோனா பெர்கரும் காயல் லெ மென்ஸும் 2009இல் செய்த ஆய்வு சொன்னது இன்னொன்று: வேகமாக ஏறிய பெயர் வேகமாகவே இறங்குகிறது. சீக்கிரம் சலித்துவிடும் என்ற பயம் பெற்றோருக்கே உண்டு.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1937இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'பாலயோகினி' வெளிவந்தது. அதில் நடித்த பேபி சரோஜா அப்போது சிறுமி. தமிழ் மக்கள் அந்தச் சிறுமியின் மேல் கொண்ட பிரியத்தில் வீட்டுக்கு வீடு பிறந்த பெண்களுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ஒரு திரைப்படம் கிளப்பிய முதல் பெரிய பெயரலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்று எண்பதைத் தாண்டிய சரோஜாக்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். தொட்டிலில் சரோஜாவைப் பார்ப்பது அரிது. அலை அவ்வளவு சீராக எழுந்து அடங்கியிருக்கிறது.

அலை முழுப் பெயராக மட்டும் வருவதில்லை, ஒலியாகவும் வரும். பெர்கர் குழுவினர் 2012இல் காட்டியது இது: பெரும் நாசம் செய்த புயலின் பெயரில் உள்ள ஒலிகள் அடிக்கடி காதில் விழுந்த பிறகு, அதே ஒலிகள் கொண்ட வேறு பெயர்கள் கூடுதலாக வைக்கப்பட்டன. புயலை யாரும் விரும்பவில்லை. ஒலி மட்டும் காதில் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மாதவன் மாதவ் ஆனதும், ராகவன் ராகவ் ஆனதும் இப்படி ஓர் ஒலியலைதான். ஆண்பெயரின் அடையாளமாக நூற்றாண்டுகளாக இருந்த 'அன்' ஈறு உதிர்ந்து, மெய்யில் வெடுக்கென்று முடியும் பெயர்கள் வந்தன. ரித்விக், சாத்விக், ஆரவ் எல்லாம் அதன் பின் வந்தவை. பஞ்சாங்கமும் இதற்குத் துணை நின்றது. 27 நட்சத்திரங்களுக்கு நான்கு பாதங்கள் வீதம் 108 முதலெழுத்துகள் உண்டு. அசுவினிக்கு சு, சே, சோ, லா; ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. தாத்தாவின் பெயர் நட்சத்திரத்தைக் கேட்டதில்லை. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்துப் பெயர் வைக்கத் தொடங்கிய வீட்டில் தாத்தாவின் பெயருக்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

தாத்தா பெயர் தளர்ந்ததற்கு இதைவிட வலிய காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். அது வெறும் எண்ணிக்கை. வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் பிறந்தபோது இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி ஆகிய நால்வரின் பெயரையும் வைத்துவிட்டு, குலதெய்வத்துக்கும் ஒன்று மிச்சமிருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21இல், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்றது. இரண்டுக்கும் குறைவான குழந்தைகளுக்குள் நான்கு பேரை எப்படி அடைப்பது? ஒருவர் பெயரை வைத்தால் மற்ற பக்கம் வருந்தும். யாருடையதும் வேண்டாம் என்பதே சண்டையில்லாத வழியாகிறது. மரியாதை குறைந்ததால் விதி உடைந்தது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். அவர்கள் மனம் ஆற வேண்டிய விஷயம் இது: பிள்ளைகள் குறைந்ததால் விதிக்குக் கணக்கு உதைத்துவிட்டது.

பழைய பெயர்கள் எல்லாமே திரும்பி வரத் தகுந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். குப்பன், குப்பாயி, பிச்சை, தவிட்டான், மண்ணாங்கட்டி என்ற பெயர்கள் சாவுக்குப் பயந்து வைத்தவை. அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுப்பாள். இன்னொருத்தி கையில் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனே விட்டுவிடு என்பதே அந்தப் பெயர். 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020இல் அது 13. இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் குப்பனும் பிச்சையும் மறைந்தார்கள். தடுப்பூசியும் கிராமத்துச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து ஒரு பெயர்வகையையே தேவையற்றதாக்கிய இந்த மாற்றம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பெண் போதும் என்று வைத்த போதும்பொண்ணு, வேண்டாம் போன்றவை வேறு கணக்கு. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் பெண்களுக்கு வேண்டாம் என்று பெயர் வைக்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்தது. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. மகாராட்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் நகுஷா, அதாவது வேண்டாதவள், என்று பெயரிடப்பட்ட 285 பெண்களுக்கு 2011இல் ஒரே விழாவில் புதுப் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெண்களில் பலர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு காயம் சாதி. மேல் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு நீண்ட பெயரும் மரியாதை ஈறும். உழைத்தவர்களுக்குக் குப்பன், சுப்பன். யார் பெயரைச் சொன்னாலும் சாதி தெரிந்துவிடும் நிலை இருந்தது. அதை உடைக்கப் பெயரையே கையில் எடுத்தார்கள் திராவிட இயக்கத்தார். ராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதே சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்தில்தான். ஊரெங்கும் தமிழ்ச்செல்வன்களும் அறிவழகன்களும் பூங்கொடிகளும் பிறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய, யாரையும் காட்டிக்கொடுக்காத பெயர்கள் அவை. பழம்பெயர் மோகம் நகரத்தில் எழும்போது இதை நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விருமாண்டி என்றோ கருப்பு என்றோ இன்று பிள்ளைக்குப் பெயர் வைக்க ஆசைப்படுகிறவருக்கு அது மண்வாசனை. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் ஒருமையில் விரட்டப்பட்டவரின் பேரனுக்கு அது அப்படி இருக்காது.

பெயர் திரும்பி வருவதற்குத் தூரம் வேண்டும். அப்பா அம்மா வயதினரின் பெயர் நமக்குச் சலிப்பு. ஆசிரியர், கண்டக்டர், பக்கத்து வீட்டு மாமா என்று அந்தப் பெயரில் நாம் பார்த்த முகங்கள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன. தாத்தா பாட்டிக்கும் முந்தையவர்களின் பெயரில் முகமில்லை, ஒலி மட்டும் இருக்கிறது. அது புதிதாகக் கேட்கிறது. அதனால்தான் ரமேஷ், சுரேஷ், சாந்தி, உமா போன்றவை இப்போதைக்கு எழுந்து வருவது கடினம், வள்ளி, மீனாட்சி, ஆண்டாள், வேலன் ஆகியவை எளிதாக வரும். முகமே பார்த்திராத பெயர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. 1950இல் கல்கியில் தொடராகத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' படித்த வீடுகளில் வானதியும் அருள்மொழியும் பிறந்தார்கள். குந்தவை அவ்வளவாகப் பிறக்கவில்லை. கதையில் எல்லோரும் வியக்கும் பாத்திரம்தான். பெயரின் ஒலி வாய்க்குப் பிடிக்கவில்லை போலும்.

சேர்வராயன் உச்சியில் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுமலைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரளுவார்கள். காவேரி என்ற பெயருக்கு மேற்சொன்ன எல்லாத் தகுதிகளும் இருக்கின்றன: தெய்வம், ஆறு, மூன்றே அசை, சாதிக் குறிப்பில்லை, ஒட்டிய முகங்களும் குறைவு. நகரத்துப் பெற்றோர் இணையப் பட்டியல்களில் தேடுவது இதைத்தான். மலையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பிறப்புப் பதிவுச் சட்டத்தில் பெற்றோர் பலர் பயன்படுத்திக்கொள்ளாத ஒரு வசதி உண்டு. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி பெயர் எழுதாமலே குழந்தையின் பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகென்றால் தாமதக் கட்டணம் உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகுமுன் எண்கணிதம் பார்த்து, எழுத்தைக் கூட்டிக் குறைத்து, அவசரமாக எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. பாட்டி குழந்தையைத் தொடக்கத்தில் நாலைந்து விதமாகக் கூப்பிடுவாள். மெல்ல மெல்ல அது ஒன்றில் வந்து நிற்கும். நாலரை மாதத்தில் குழந்தையும் அதற்குத் திரும்பிப் பார்க்கும். அந்தச் சொல்லைப் படிவத்தில் எழுதலாமா, சேர்த்து ஒரு முழுப் பெயராக்கலாமா, வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க அதன் பிறகும் ஏழு மாதம் மிச்சமிருக்கிறது.